மேல்மாடத்து விசில்

ட்ரியெஸ்ட், 28 மார்ச் 1957

மாமாவுக்கு,

எர்சிலியா எழுதுகிறேன். மூன்று வருஷமாக நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நலம் விசாரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒத்திகைக்காக இங்கே வந்த பிறகு உங்கள் மகன் கப்பலேறும் அவசரத்தில் நெல்லாவை உங்களிடம் விட்டுவிட்டுப் போனது தந்தி வந்துதான் எனக்குத் தெரியும். என் சித்தி படியில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் குழந்தை அவளிடம் இருந்திருப்பாள். போகட்டும். எட்டு மாதக் குழந்தை, மாமா. கொக்கியில் மாட்டிவிட்டு மறந்துபோக அவள் நீங்கள் பதம் பார்க்கும் பன்றித்தொடை அல்ல. பாலை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தொப்பியைக் கழற்றாதீர்கள். சன்னல் பக்கம் படுக்க வைக்காதீர்கள். சுவர்ப் பக்கமும் வேண்டாம், ஈரம். அவள் சரியான அழுமூஞ்சி. ராத்திரியில் வீட்டையே இரண்டாக்குவாள். பயப்பட வேண்டாம், தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் போதும். இன்னொன்று: நான் உச்ச ஸ்தாயியில் பாடினால் மட்டும் அழ மாட்டாள், உதைப்பாள். வயிற்றில் இருந்தபோதே அப்படித்தான்.

இப்போது கேட்க வந்த விஷயம். மே நான்காம் தேதி எங்கள் ஓபரா குழு பார்மாவுக்கு வருகிறது. 'மணிக்கூண்டு மணமகள்'. நான்தான் லிவியா. மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்திருக்கும் முதல் வேஷம். இரண்டாம் அங்க முடிவில் எதிரிகள் மணிக்கயிற்றை அறுத்துவிடுவார்கள். காதலனின் படகைத் திருப்பி அழைக்க லிவியா தன் குரலையே மணியாக்குவாள். தியேட்டரின் உச்சியில் மலிவுச் சீட்டில் உட்காரும் மேல்மாடத்துக்காரர்கள் நீங்களெல்லாம் அந்த உச்ச ஸ்வரத்தை 'மணி' என்றுதானே சொல்வீர்கள். பார்மாவில் டிக்கெட் விற்பதே அதற்காகத்தான்.

அதே இடத்தில்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால், உங்கள் மகனுக்கு நிச்சயிக்கப்பட்டவள் என்றுகூடப் பார்க்காமல், நீங்கள் இரண்டு விரலை வாயில் வைத்தீர்கள். நீங்கள் தொடங்கினால் மேல்மாடமே தொடங்கும். இந்த ஊரில் அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்தபோது பாட்டு பிடித்தால் விசிலடிப்பார்களாம். கேட்கவே பொறாமையாக இருந்தது. நம் பார்மாவில் விசில் என்றால் முகத்தில் துப்புவது. அன்றிலிருந்து ஒரு தியேட்டரும் என்னைக் கூப்பிடவில்லை.

பார்மா நல்லபடியாக முடிந்தால் குளிர்காலம் முழுக்க எனக்கு ஒப்பந்தம். இல்லாவிட்டால் என்ன என்பதை இசை நடத்துனரே சொல்லிவிட்டார்: "பார்மாவுல ரெண்டாவது தடவையும் விசில் வாங்கினவளைக் கூட்டிக்கிட்டு நான் எந்த ஊருக்கும்மா போறது?"

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். அன்று மட்டும் வீட்டில் இருங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நல்ல காரணமும் இருக்கிறது.

எர்சிலியா


பார்மா, 2 ஏப்ரல்

திருமதி எர்சிலியா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. குழந்தை சுகம். தொப்பி தலையில்தான் இருக்கிறது.

அழுமூஞ்சி என்று எழுதியிருக்கிறாய். பெற்றவளுக்கே பிள்ளையைத் தெரியவில்லை. வந்த நாளிலிருந்து ஒரு சத்தம் இல்லை. நான் பக்கத்துக் கட்டிலில்தான் படுக்கிறேன். சில சமயம் வாயைப் பிளந்துகொண்டு முகம் சிவந்து கிடப்பாள். கொட்டாவி. மற்றபடி சமர்த்து. எங்கள் வம்சம்.

கல்யாணத்துக்கு நீ கொடுத்த விசில் கெட்டில் கெட்டுப்போய்விட்டது. தண்ணீர் கொதித்து வற்றும் வரை ஊமையாக நிற்கிறது. குறையாகச் சொல்லவில்லை. இந்தக் காலத்துச் சாமான்கள் அப்படி.

மே நான்காம் தேதியைப் பற்றி. வாலிபத்தில் பீரங்கிப் படையில் இருந்த சில வருஷம் போக, வாழ்நாள் முழுக்கப் பன்றித்தொடையில் குதிரை எலும்பு ஊசியைக் குத்தி மோந்து பார்த்தவன் நான். நல்லது நல்லது, கெட்டது கெட்டது. சொந்தத் தம்பி பதப்படுத்திய தொடையையே அழுகல் என்று ஒதுக்கினேன். அவன் இன்றுவரை என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அன்றைக்கு நீ அந்த 'மணி' இடத்துக்கு வந்தாய். கையைத் தூக்கினாய். வாயைத் திறந்தாய். ஸ்வரம் இல்லை. வெறும் காற்று. வாயை மட்டும் திறந்து பார்மாவை ஏமாற்றப் பார்த்தாய். வரப்போகிற மருமகள் என்று நான் கை தட்டியிருந்தால் அப்புறம் என் மூக்கை யார் நம்புவார்கள்?

வருவேன். முதல் வரிசை, நடு இடம், வழக்கம்போல். பாடினால் கை தட்டுவேன். பாடாவிட்டால் விரல் தானாக வாய்க்குப் போகும்.

எஜிடியோ


ட்ரியெஸ்ட், 6 ஏப்ரல்

மாமா,

அழவே இல்லையா? நெல்லாவா? இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்க வேண்டாம். எழுந்து டாக்டரிடம் போங்கள். மீதியைத் திரும்பி வந்து படிக்கலாம்.

(போய்விட்டு வந்தீர்களா?)

பல் முளைக்கும் நேரத்தில் அழாத குழந்தை எங்கே இருக்கிறது? கல்லூரியில் படித்த வியாதிகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகின்றன. நான் படித்தது இத்தாலிய இலக்கியம். அதில் எல்லோரும் காசநோயில்தான் சாகிறார்கள். நேற்று ஒத்திகையில் காதல் பாட்டின் நடுவே, காதலனாக வரும் டெனர் பாடகர் கொர்ராதோவின் மார்பில் சாய்ந்திருந்தபோது, "உங்க பிள்ளைங்கள்லாம் எத்தனை தடவை அழும்?" என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. நடத்துனர் குச்சியை எறிந்தார்.

பழைய விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. நான் பாடினேன். அது காற்று இல்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விசிலடித்த கடிகாரக்கடை அமில்காரே மறுநாள் தெருவில் என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி, "மணி சுத்தமாத்தாம்மா விழுந்துச்சு, எஜிடியோ அடிச்சாரு, நாங்களும் அடிச்சோம்" என்றார். இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று மூன்று வருஷமாக வைத்திருந்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று தந்தி கொடுங்கள்.

எர்சிலியா


பார்மா, 10 ஏப்ரல்

மருமகளுக்கு,

தந்தி வீண் செலவு. டாக்டரிடம் போனேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அந்த டாக்டருக்குத்தான் ஏதோ கோளாறு. நெல்லா கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்போது அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "அப்பா, என்ன தொண்டை! கொல்லன் துருத்தி மாதிரி நுரையீரல்!" என்று கத்துகிறார். ஏன் கத்துகிறீர்கள் என்று கேட்டேன். கதவைத் திறந்து வழியைக் காட்டினார்.

கீழ் வீட்டு ஆர்ஜியாவும் சரியில்லை. விதவை, தனியாக இருக்கிறாள், பாவம். ராத்திரி குழந்தை அழுததாகச் சொல்லிக்கொண்டு, அவளிடம் இருக்கும் சாவியைப் போட்டுத் திறந்து மேலே வந்து, நெல்லாவைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்துகிறாள். காலையில் கண் சிவந்து, "உங்களுக்கு மட்டும் எப்படிய்யா தூக்கம் வருது? கல்லா நீங்க?" என்று என்னையே திட்டுகிறாள். வயசானால் சில பேருக்குக் காதில் இல்லாத சத்தமெல்லாம் கேட்கும். ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். கரண்டியை எறிந்தாள்.

சாவியோடு ஏன் வருகிறாய், வாசலில் அழைப்பு மணி இல்லையா என்று கேட்டேன். அதுவும் கெட்டுத்தான் போயிருக்கிறது. மின்சாரக்காரன் வந்து பார்த்து நன்றாக அடிக்கிறது என்று சாதிக்கிறான். அயோக்கியன். இந்த வருஷம் எதுவுமே சரியில்லை. தகைவிலான் குருவிகள் வந்துவிட்டன, கூரை முழுக்கப் பறக்கின்றன, ஒன்றாவது வாயைத் திறக்க வேண்டுமே? போன வாரம் தியேட்டரில் புல்லாங்குழல்காரன் ஊதவே இல்லை. விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். விசிலடித்தேன்.

அமில்காரே சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவன் கடிகாரம் ஒன்றாவது சரியான மணி காட்டியதுண்டா?

எஜிடியோ


ட்ரியெஸ்ட், 14 ஏப்ரல்

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை மேக்கப் அறையில் படித்தேன். முதலில் சிரித்தேன். அப்புறம் அழுதேன். மை வழிந்து, முகம் தீட்டுகிறவள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

கெட்டில், அழைப்பு மணி, குருவி, புல்லாங்குழல், டாக்டர், ஆர்ஜியா அம்மா, நெல்லா. இத்தனை பேரும் ஒரே வருஷத்தில் கெட்டுப்போக முடியாது, மாமா.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் கெட்டுப்போகவில்லை.

கோபப்படாதீர்கள். கோபப்படத்தான் போகிறீர்கள். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இப்படி ஆகும், முதலில் உச்ச ஸ்தாயிச் சத்தங்கள்தான் போகும் என்று இங்கே எங்கள் தொண்டை டாக்டர் சொன்னார். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'ஒரு பெரியவர்' என்றேன்.

ஆர்ஜியா அம்மாவைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், ராத்திரியில் குழந்தை அறையிலேயே படுத்துக்கொள்ளட்டும். அவர் கையை என் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

எர்சிலியா


பார்மா, 17 ஏப்ரல்

அம்மணி,

என் காதைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை? டிராம் கேட்கிறது. கழுதை கேட்கிறது. அமில்காரே உளறுவது கேட்கிறது. பெரிய கோவிலின் பெரிய மணி நன்றாகக் கேட்கிறது. சின்ன மணியைப் போர்க்காலத்தில் உருக்க எடுத்துப் போய்விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இதோடு கடிதம் போதும்.

எ.

பின்குறிப்பு: ஆர்ஜியாவிடம் கேட்டேன். சின்ன மணி அங்கேயேதான் இருக்கிறதாம்.


ட்ரியெஸ்ட், 21 ஏப்ரல்

அன்புள்ள மாமா,

பின்குறிப்பைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன்.

அமில்காரேவுக்கு உங்கள் காதைப் பற்றி ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். மே நான்காம் தேதி உங்கள் விரலை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அந்தக் கடிதத்தை எழுதியும் விட்டேன். தபால்பெட்டி வரை நடந்தேன். உங்கள் மகன் சொன்னது ஞாபகம் வந்தது: "அப்பாவுக்குச் சம்பாத்தியம் தொடையில, மரியாதை மேல்மாடத்துல." கிழித்துப் போட்டுவிட்டேன். என் பிழைப்புக்காக உங்கள் மரியாதையை விற்க மாட்டேன். ஆனால் என் பிழைப்பும் எனக்கு வேண்டும், மாமா.

ஒரு வழி தோன்றுகிறது. நெல்லாவைக் கூட்டி வாருங்கள். மேல்மாடத்தில் சலாமி தொத்திறைச்சிக்குத் தனியாகச் சீட்டா கேட்கிறார்கள்? ஆளுக்கொரு முழ சலாமி கொண்டுவருகிறீர்கள். கோட்டுக்குள் ஒரு குழந்தை வந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? மடியில் வைத்து, கால் உங்கள் விலாவில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். நான் மணியைப் பாடினால் அவள் உதைப்பாள். உதை விழுந்தால் மணி விழுந்தது என்று அர்த்தம். அவள் உங்கள் வம்சம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொய் சொல்ல மாட்டாள்.

எர்சிலியா


பார்மா, 26 ஏப்ரல்

எர்சிலியாவுக்கு,

குழந்தை நலம். ஒரு பல் வந்துவிட்டது. என் விரலைக் கடித்து அறிவித்தாள்.

ஆர்ஜியாவுக்கு மே நான்காம் தேதி பல்வலி வரப்போகிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டாள். எனவே குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வர வழியில்லை. தியேட்டருக்குத் தூக்கி வருவேன். உன் கடிதத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தற்செயலாகக் கேட்கிறேன்: இடது காலா, வலது காலா?

எஜிடியோ


பார்மா, 6 மே

அன்புள்ள எர்சிலியா,

அன்று ஆட்டம் முடிந்ததும் நீ வேஷத்தைக்கூடக் கலைக்காமல் மேல்மாடத்துக்கு ஓடிவந்து குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாய். மறுநாள் அதிகாலை ரயிலில் க்ரெமோனாவுக்குப் போய்விட்டாய். அந்தக் கூட்டத்தில் உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

முதல் அங்கத்திலேயே ஒரு தவறு நடந்தது. கொர்ராதோ வந்து, "படகோட்டி எங்கே?" என்று கேட்கிற இடம். பாட்டே இல்லை, வெறும் பேச்சு. அப்போது உன் மகள் என் விலாவில் விட்டாள் பார் ஒரு உதை! யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. எழுந்து நின்று "பிராவோ!" என்று கத்திவிட்டேன். நான் கத்தினால் என்ன ஆகும் என்றுதான் உனக்குத் தெரியுமே. மேல்மாடமே எழுந்து கத்தியது. பார்மாவில் அந்த மனுஷனுக்கு யாரும் கை தட்டியதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்புறம் "படகோட்டி எங்கே?" என்று மறுபடியும் கேட்டான். அமில்காரே என் காதில், "அதுல என்னத்தைய்யா கண்டே?" என்றான். "உனக்குப் புரியாது" என்றேன். பயபக்தியோடு தலையாட்டினான்.

பின்னால்தான் தெரிந்தது, அவள் துணி நனைந்திருந்தது.

இரண்டாம் அங்கம். கயிறு அறுந்தது. நீ கூண்டின் உச்சிக்கு ஏறினாய். மேல்மாடத்தில் மென்றுகொண்டிருந்த வாய்களெல்லாம் நின்றன. எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். கீழே பார்க்கிறேன், இந்தப் பெண் தூங்குகிறாள். மெதுவாகக் குலுக்கினேன். குறட்டை. நீ கையைத் தூக்கினாய். வாயைத் திறந்தாய்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காலும் அசையவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே வாய். என் விரல் பாதி தூரம் போய்விட்டது. போன விரலைப் பார்த்தேன். அதில் உன் மகளின் பல்தடம்.

கை தட்டினேன்.

அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. கூரை பிய்ந்து விழாத குறை. இன்றைக்கும் காப்பிக்கடையில் அதே பேச்சு. "நூல் மாதிரி இழுத்தா பாரு, அப்படி ஒரு மெல்லிசு மணியை எங்கப்பா காலத்துலகூடக் கேட்டதில்லை" என்கிறான் ரொட்டிக்கடைக்காரன். அமில்காரே, "நானும் கேட்டேன், நானும் கேட்டேன்" என்று இரண்டு தடவை சொன்னான்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய விஷயம். சில சமயம் தொடை நன்றாகத்தான் இருக்கும். ஊசியில் கோளாறு.

எஜிடியோ மாமா


க்ரெமோனா, 10 மே

அன்புள்ள மாமா,

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். குளிர்காலம் முழுக்க. உங்கள் மகனுக்கும் எழுதிவிட்டேன். உங்களிடம் மட்டும் ஒன்றை மறைக்க முடியவில்லை. படித்ததும் அடுப்பில் போடுங்கள்.

அந்தக் கூண்டின் உச்சியில் நின்றால் மேல்மாடத்து முதல் வரிசை நேர் எதிரே இருக்கிறது. நிலாக் காட்சி, மங்கலான வெளிச்சம். கையைத் தூக்கும்போது உங்களைத் தேடினேன். உங்கள் மடியில் நெல்லா. தொப்பி ஒரு பக்கம் சரிந்து, வாயைத் திறந்துகொண்டு, தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாமா, அவள் பிறந்ததிலிருந்தே அவள் தூங்கினால் நான் கையிலிருக்கும் பாத்திரத்தைக்கூடக் கீழே வைக்க மாட்டேன். பிடித்துக்கொண்டே நிற்பேன். அன்றைக்கும் மூச்சு வந்தது, வாய் திறந்தது. தொண்டை மட்டும், "அடிப்பாவி, எழுப்பிடாதே" என்று நின்றுவிட்டது. வாத்தியங்களும் அடங்கிப்போகிற இடம் வேறு. நான் பாடவில்லை. ஒரு இம்மிகூட இல்லை. வாயைத் திறந்தபடி, என் பிழைப்பு போயிற்று என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஒரே ஒரு ஆளின் கைதட்டல் கேட்டது.

ரொட்டிக்கடைக்காரருக்கு நூல் கேட்டதாம். அமில்காரே இரண்டு தடவை கேட்டாராம். பத்திரிகைக்காரர், அறுந்த கயிற்றின் மௌனத்தையே நான் பாடிவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். நடத்துனர் என்னைத் தனியாக அழைத்து, "நீ என்ன பண்ணேன்னு எனக்குத் தெரியும். அதையே இங்கேயும் பண்ணு. யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். அன்று அந்தத் தியேட்டரில் சரியாகக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அப்படியிருந்தும் கை தட்டியவரும் நீங்கள்தான்.

இங்கே நேற்று மணியைப் பாடிவிட்டேன், முழுசாக. உங்களுக்கும் ஒருநாள் பாட வேண்டும். அதற்காக ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். பார்த்தால் மூக்குக்கண்ணாடி. காம்பில் காது கேட்க ஒரு சின்னக் கருவி ஒளிந்திருக்கிறது. யாராவது கேட்டால் கண் மங்கல் என்று சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்த வாரக் கடைசியில் வந்து நெல்லாவை அழைத்துக்கொள்கிறேன்.

உங்கள் எர்சிலியா


பார்மா, 14 மே

அன்பு மகளுக்கு,

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு காப்பிக்கடைக்குப் போனேன். "என்ன எஜிடியோ, கண்ணாடி?" என்றான் அமில்காரே. "கண்ணு மங்குது" என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எந்தக் கடையில வாங்கினே? எனக்கும் கொஞ்ச நாளா... கண்ணு மங்குது" என்றான்.

கெட்டில் கெட்டுப்போகவில்லை. மின்சாரக்காரனிடம் மன்னிப்புக் கேட்டேன். குருவிகள் இவ்வளவு வாயாடிகள் என்று மறந்தே போயிருந்தேன். புல்லாங்குழல்காரன் வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் யாரும் இல்லாதபோது இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். இவ்வளவு வருஷமாக அடித்திருக்கிறேன், இப்போதுதான் அதைக் கேட்கிறேன். ஆர்ஜியா கீழே தட்டைப் போட்டு உடைத்தாள். எர்சிலியா, இதையா அன்றைக்கு நீ தனியாக அங்கே நின்று கேட்டாய்?

மேற்கொண்டு எழுத முடியவில்லை. நெல்லா ஆரம்பித்துவிட்டாள். சமர்த்து என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எங்கள் வம்சம் என்றதையும். தோளில் போட்டு நடந்தாகிவிட்டது, தொப்பியைக் கழற்றியாகிவிட்டது, மாட்டியாகிவிட்டது, ஆர்ஜியா கோவிலுக்குப் போய்விட்டாள். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அப்புறம் மனசு கேட்காமல் மறுபடி போட்டுக்கொண்டேன்.

ஸ்வரம் சுத்தம். மூச்சு நீளம். நடுக்கம் இல்லை. மேல்மாடத்துக்காரன் ஒரு குறை சொல்ல முடியாது. கை தட்டினேன். இன்னும் உரக்கப் பாடுகிறாள்.

வாரக் கடைசி வரை காத்திருக்காதே. நாளைக்கே ரயிலேறு.

உன் மாமா
எஜிடியோ